எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பாட எண்: கமிட்டியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

மாநிலம் முழுக்க இருக்கிற கல்லூரிகளின் பாட எண்களை ஒன்றாக்கப் போகிறோம் என்று மேலே யாரோ முடிவெடுத்து, அந்தக் கமிட்டியில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்களா? முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து பலகைக்குப் போவார். "முதல் நாலு எழுத்து துறை, அப்புறம் நாலு இலக்கம், அதில் முதல் இலக்கம் எந்த வருஷம்னு காட்டும்" என்று எழுத ஆரம்பிப்பார், எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும், மூன்று கூட்டம் அதிலேயே போய்விடும். அவரை அன்பாக உட்கார வைத்துவிடுங்கள். எண்ணை வடிவமைப்பது ஒரு மத்தியான வேலை. இந்தப் பாடமும் அந்தப் பாடமும் ஒன்றுதான் என்று ஆசிரியர்களிடம் ஒப்புதல் வாங்குவதுதான் வருடக்கணக்கில் இழுக்கும்.

நான் கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின், அதாவது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு நடத்துகிற ஒரு அரசுக் கல்லூரியின், பாடத்திட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே மொத்தம் 116 கம்யூனிட்டி காலேஜ்கள். முதல் வருடம் எல்லோரும் எடுக்கிற ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சான்டா மோனிகாவில் அது இங்கிலீஷ் 1, லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜில் இங்கிலீஷ் 101, சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் இங்கிலீஷ் 1ஏ, டி அன்சாவில் துறைப் பெயரே வேறு, இடபிள்யூஆர்டி 1ஏ. இப்படித்தான் காலங்காலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே காலேஜில் படித்து முடிக்கிறவருக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் எங்கள் மாணவர்களில் நிறையப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே, சீட் கிடைக்கிற இடத்தில், நேரம் ஒத்துவருகிற இடத்தில், இரண்டு மூன்று காலேஜில் பாடங்களைப் பொறுக்கிச் சேர்க்கிறவர்கள்.

ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஸ்டாடிஸ்டிக்ஸை வேறொரு காலேஜில் முடித்திருந்தாள், பி கிரேடு. இங்கே நர்சிங்குக்கு விண்ணப்பிக்க அதே பாடம் வேண்டும். அங்கே இருந்த எண் வேறு, பாடத்தின் தலைப்பிலும் ஒரு வார்த்தை வித்தியாசம். சிலபஸ் கொண்டுவா என்றோம். அவள் போனில் இருந்த பிடிஎஃப்பில் ஆசிரியரின் அலுவலக நேரமும், காப்பியடித்தால் என்ன தண்டனை என்பதும் விலாவாரியாக இருந்தன, வாரவாரியாக என்ன நடத்தினார்கள் என்பது மட்டும் இல்லை. அந்தக் காலேஜுக்கு மெயில் போட்டு, பதில் வந்து, துறைத் தலைவர் பார்த்துச் சரி என்று சொல்ல மூன்று வாரம். அதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிட்டது. யாரும் தப்பு செய்யவில்லை, அவளுக்கு ஒரு வருடம் போனது.

2021இல் ஏபி 1111 என்ற சட்டம் வந்தது. கம்யூனிட்டி காலேஜ்கள் அனைத்தும் பொதுப் பாடங்களுக்கும், நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகத் தேவையான பாடங்களுக்கும் ஒரே எண் வைத்தாக வேண்டும் என்கிறது அது. அடுத்த வருட பட்ஜெட்டில் இதற்கென்று 10.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எண்ணை மாற்ற இவ்வளவு பணமா என்று கேட்காதீர்கள், கீழே படித்தால் பத்தாது என்பீர்கள்.

எதை முதலில் எடுப்பது

எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் எடுக்கிற, எல்லாக் கல்லூரியிலும் இருக்கிற, உள்ளடக்கம் பற்றிப் பெரிய சண்டை இல்லாத ஐந்தாறு பாடங்களை எடுங்கள். எங்களுக்கு முதல் கட்டமாக 2025 இலையுதிர் பருவத்துக்கு ஆறு பாடங்கள்: இரண்டு ஆங்கிலப் பாடங்கள், மேடைப்பேச்சு, ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி அறிமுகம், அமெரிக்க அரசியல். நல்ல தேர்வு. இந்த ஆறிலேயே எங்கெங்கே இடிக்கும் என்பது தெரிந்துவிடும். நுண்கலை, இசை, ஆய்வுத் திட்டம், இன்டர்ன்ஷிப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

எது எதற்குச் சமம்

இதுதான் முழு வேலையும். ஒவ்வொரு கல்லூரியின் பாட விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைப்பை நம்பாதீர்கள். எனக்கு உதவுகிற கேள்வி ஒன்றுதான்: அந்தக் கல்லூரியில் இதைப் பாஸ் செய்தவரை இந்தக் கல்லூரியின் அடுத்த பாடத்தில் உட்கார வைத்தால் திணறாமல் சமாளிப்பாரா? சமாளிப்பார் என்றால் இரண்டும் ஒன்று. பாடப்புத்தகம் வேறாக இருக்கலாம், அதிகாரங்களின் வரிசை மாறலாம், ஒருவர் மூன்று தேர்வு வைத்து இன்னொருவர் கட்டுரை கேட்கலாம், அதெல்லாம் ஆசிரியர் பாடு.

சில இடங்களில் இந்தக் கேள்விக்கே பதில் சுலபமாக வராது. கணிதத் துறை ஒரு ஸ்டாடிஸ்டிக்ஸ் நடத்தும், சைக்காலஜி துறை தன் மாணவர்களுக்கென்று இன்னொன்று நடத்தும். இரண்டும் ஒரே எண்ணா? ஒன்றாக்கினால் யார் நடத்துவது, யாருக்கு வகுப்பு குறையும் என்ற கேள்வி உடனே வந்துவிடும். வெளியே பாடத்திட்ட விவாதம் மாதிரித் தெரியும், உள்ளே அது வேலைப் பிரச்சினை. அதை வேலைப் பிரச்சினையாகவே எடுத்து, துறைத் தலைவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசித் தீர்த்துவிடுங்கள். பொதுக் கூட்டத்தில் வைத்துக்கொண்டால் எல்லோரும் கல்வித் தரத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள், ஒன்றும் நகராது.

இன்னொரு வில்லங்கம் செமஸ்டரும் குவார்ட்டரும். டி அன்சா மாதிரி சில இடங்கள் வருடத்தை மூன்று குவார்ட்டராகப் பிரிக்கின்றன. யூனிட் என்பது பாடத்தின் எடை, சில இடங்களில் கிரெடிட் என்பார்கள். மூன்று செமஸ்டர் யூனிட் என்றால் நாலரை குவார்ட்டர் யூனிட். தனிப் பாடமாக இருந்தால் பெருக்கிப் பார்த்துத் தீர்த்துவிடலாம். கால்குலஸ் மாதிரித் தொடர் பாடம் என்றால் முடியாது, ஏனென்றால் ஒரு இடத்தில் இரண்டு துண்டாக வெட்டியதை இன்னொரு இடத்தில் மூன்று துண்டாக வெட்டியிருப்பார்கள், எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் பொருந்தாது. தொடரை முழுசாக எடுத்து, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த இரண்டுக்குச் சமம் என்று எழுதுங்கள். பாதியில் மாறுகிற மாணவருக்கு என்ன என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மாணவர் உங்கள் மேஜைக்குத்தான் வருவார்.

ஒப்புக்கொண்டதை எங்கே எழுதிவைப்பது? கலிபோர்னியாவில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டெம்ப்ளேட் செய்தார்கள். தலைப்பு, குறைந்தபட்ச யூனிட், முன்தேவை, விவரக் குறிப்பு, உள்ளடக்கம், மதிப்பீட்டு முறை எல்லாம் அதில் ஒரு பகுதியில் இருக்கும். அந்தப் பகுதியை எல்லாக் கல்லூரியும் அட்சரம் பிசகாமல் அப்படியே போட வேண்டும். அதற்குக் கீழே கல்லூரி விரும்பினால் தன்னுடையதைச் சேர்த்துக்கொள்ளலாம், மேலே இருப்பதைத் தொட முடியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. முழுசாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆசிரியர்கள் கொடி பிடிப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம் என்று விட்டால் ஐந்து வருடத்தில் எண் மட்டும்தான் பொதுவாக மிஞ்சும்.

இப்போது எண்ணுக்கு வரலாம்

பலகைக்காரரை எழுப்பிவிடலாம். முதலில் அவரிடம் மூன்று மாநிலங்களைக் காட்டுங்கள்.

டெக்சஸில் நாலு எழுத்து, நாலு இலக்கம். முதல் இலக்கம் முதல் வருடமா இரண்டாம் வருடமா என்பது, இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பது, கடைசி இரண்டும் வரிசை எண். இங்கிலீஷ் 1301 என்றால் முதல் வருடம், மூன்று கிரெடிட். பார்த்தவுடன் புரிகிறது, அழகாக இருக்கிறது. ஆனால் பயாலஜியில் என்ன ஆகிறது பாருங்கள்: வகுப்பும் லேபும் சேர்த்து நடத்தினால் பயாலஜி 1406, நாலு கிரெடிட். அதையே பிரித்து நடத்தினால் வகுப்புக்கு 1306, லேபுக்கு 1106. ஒரே தவளையை அறுக்கிறார்கள், எண் மூன்று. கிரெடிட்டை எண்ணுக்குள் வைத்தால் கிரெடிட் மாறும்போதெல்லாம் எண்ணும் மாறியாக வேண்டும். இது போதாதென்று, அங்கே பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த எண்ணை வைத்துக்கொண்டு பொது எண்ணைப் பக்கத்தில் குறிப்பிட்டால் போதும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அதே ஆங்கிலப் பாடம் ஆர்எச்இ 306. அங்கே முதல் இலக்கம்தான் கிரெடிட்! ஒரே மாநிலத்தில் ஒரு எண்ணில் 3 இரண்டாவதாக நிற்கிறது, இன்னொன்றில் முதலாவதாக.

ஃப்ளோரிடாவில் மூன்று எழுத்து, நாலு இலக்கம், தேவைப்பட்டால் கடைசியில் லேபுக்கு ஒரு எழுத்து. அவர்களுடைய புத்திசாலித்தனம் முதல் இலக்கத்தில் இருக்கிறது. அது எந்த வருடப் பாடம் என்று காட்டும், ஆனால் சமமா இல்லையா என்று பார்க்கும்போது அதை எண்ணவே மாட்டார்கள். சமூகப் பிரச்சினைகள் என்ற சோஷியாலஜி பாடம் ஒரு கல்லூரியில் எஸ்ஒய்ஜி 1010, இன்னொன்றில் எஸ்ஒய்ஜி 2010 என்று இருக்கலாம். எழுத்தும் கடைசி மூன்று இலக்கமும் ஒன்றாக இருந்தால் அது அதே பாடம்தான். முதல் வருடத்திலா இரண்டாம் வருடத்திலா என்று கல்லூரிகள் அடித்துக்கொள்வதைத் தவிர்க்க இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

எங்கள் கலிபோர்னியா எண்ணில் துறைக்கு நாலு எழுத்து வரைக்கும், பிறகு பொது என்பதற்கு ஒரு 'சி', பிறகு நாலு இலக்கம். இங்கிலீஷ் சி1000, ஸ்டாட் சி1000, சைக் சி1000. ஆனர்ஸ் என்றால் கடைசியில் எச், கூடுதல் உதவி வகுப்போடு சேர்ந்தது என்றால் இ. கிரெடிட் எவ்வளவு என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் இது எனக்கே மொட்டையாகத் தெரிந்தது. ஆனால் அந்த 'சி' இருக்கிறதே, அது செய்கிற உபகாரம் பெரிது: 116 காலேஜில் எந்தக் காலேஜும் ஏற்கெனவே பயன்படுத்திய எண்ணோடு மோத வாய்ப்பு மிகக் குறைவு. 'சி' இல்லாமல் வெறும் 101 என்று வைத்திருந்தால், எங்கோ ஒரு காலேஜில் 101 என்பது வேறு ஏதோ பாடமாக இருந்து, பழைய மதிப்பெண் சான்றுகள் எல்லாம் குழம்பிப்போயிருக்கும்.

நம்மூரில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி, தன்னாட்சி இல்லாததாக இருந்தால், எங்கே இருந்தாலும் முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பருக்கு ஒரே குறியீடு, அதாவது ஒரே கோடுதான். ஆனால் அந்தக் கோடுக்குள் ரெகுலேஷன், அதாவது எந்த வருடத்துப் பாடத்திட்டம் என்பது, உட்கார்ந்திருக்கிறது. 2013 ரெகுலேஷனில் எம்ஏ6151, 2017இல் எம்ஏ8151, 2021இல் எம்ஏ3151. எந்த சிலபஸில் எழுதினார் என்று கோடைப் பார்த்தே சொல்லிவிடலாம், அது பெரிய வசதி. பதிலுக்கு ஒவ்வொரு தடவை ரெகுலேஷன் மாறும்போதும், அரியர் வைத்திருப்பவர் எந்தப் புதுப் பேப்பர் எந்தப் பழைய பேப்பருக்குச் சமம் என்று பட்டியல் தேட வேண்டும். எந்தத் தகவலை எண்ணுக்குள் வைத்தாலும் இந்த விலை உண்டு. மாறவே மாறாதது எதுவோ அதை மட்டும் உள்ளே வையுங்கள் என்பதுதான் என் கட்சி. சிலபஸ் எந்த வருடத்தது என்பதை மதிப்பெண் சான்றில் தனியாக ஒரு கட்டத்தில் போட்டால் போயிற்று. இந்தியாவில் யுஜிசி 2022 டிசம்பரில் கொடுத்த சட்டகம் 100 முதல் 199 வரை அடிப்படை, 200 முதல் 299 வரை இடைநிலை என்று நிலையை மட்டும் வகுத்திருக்கிறது. நிலை ஒன்றாக இருப்பது வேறு, பாடம் ஒன்றாக இருப்பது வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்களுக்கு ஏற்கெனவே பொது எண் இருக்கிறது" என்று யாராவது கமிட்டியில் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

பழைய எண்ணை எடுத்துவிடுவதா, பக்கத்தில் வைப்பதா என்பதிலும் உறுதியாக இருங்கள். எங்களிடம் சி-ஐடி என்று ஒன்று பல வருடமாக இருந்தது. கல்லூரி எண் அப்படியே இருக்கும், அதன் கூடவே ஒரு பொது எண் கொடுப்பார்கள். மேடைப்பேச்சு என்றால் காம் 110. ஆர்ட்டிகுலேஷன் பார்க்கிறவர்களுக்கு, அதாவது என் மாதிரி எது எதற்குச் சமம் என்று பார்த்துச் சொல்கிறவர்களுக்கு, அது பொக்கிஷம். மாணவர் பார்க்கிற இடத்திலெல்லாம் பழைய எண்தான் பெரிதாக நிற்கும், அதனால் அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பக்கத்தில் வைக்கிற எண் அலுவலகத்துக்காக. மாணவருக்காக என்றால் பழையதை எடுத்தே ஆக வேண்டும்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு வாக்கு வேண்டும்

ஒரே எண் வைத்தாயிற்று, ஆனால் சேர்த்துக்கொள்கிற கல்லூரி "எங்கள் துறை பார்த்துத்தான் சொல்லும்" என்றால் என்ன பிரயோஜனம்? ஃப்ளோரிடாவில் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: சமம் என்று ஒரே எண் கொடுக்கப்பட்ட பாடத்தை, அந்த மாணவர் தங்களிடமே படித்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே எதற்கு இது பொருந்தாது என்றும் எழுதினார்கள். 900 முதல் 999 வரை முடிகிற எண்கள், இன்டர்ன்ஷிப், இசை, நடனம், நாடகம் போன்ற செயல்முறைப் பாடங்கள் எல்லாம் தானாக மாறாது, பார்த்துத்தான் எடுப்பார்கள். வீணையை ஒரு பருவம் வாசித்தவர் எந்த அளவு வாசிப்பார் என்று எண் சொல்லாது, இல்லையா, அதனால்தான் நுண்கலைப் பக்கம் போகாதீர்கள் என்றேன். விதிவிலக்கை முதல் நாளே எழுதுங்கள். பிறகு எழுதினால் எல்லாத் துறையும் தான்தான் விதிவிலக்கு என்று வரிசையில் நிற்கும்.

எங்கள் சட்டம் கம்யூனிட்டி காலேஜ்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் மாநிலப் பல்கலைக்கழகமும் தங்கள் எண்களையே வைத்திருக்கின்றன, அங்கே எது எதற்குச் சமம் என்று பார்க்க அசிஸ்ட் என்ற தளத்துக்குத்தான் இன்னும் போக வேண்டும். என் கண்ணில் இது பாதிக் கிணறு. உங்களால் முடிந்தால் சேர்த்துக்கொள்கிற பெரிய பல்கலைக்கழகங்களை முதல் கூட்டத்திலிருந்தே உள்ளே இழுத்துவிடுங்கள்.

கணினியில் ஏற்றும்போது

இங்கேதான் பணம் கரைகிறது. மாணவர் பதிவு மென்பொருளில் எண்ணுக்கான கட்டத்தில் எத்தனை எழுத்து பிடிக்கும் என்று, எண்ணின் வடிவத்தை முடிவு செய்வதற்கு முன்னாலேயே எல்லாக் கல்லூரியிலும் கேளுங்கள். நடுவில் இடைவெளி உண்டா இல்லையா என்பதையும் எழுத்தில் முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் ஒரே பாடம் இரண்டு பாடமாகத் தேடலில் வரும். பட்டியலை எக்செல்லில் வைத்திருப்பீர்கள், எல்லோரும் வைத்திருக்கிறோம். அது 010 என்பதை 10 ஆக்கிவிடும். 1இ10 மாதிரி எண்ணும் இ-யும் கலந்து எழுதினால் அதைக் கோடிக்கணக்கான ஒரு தொகையாக நினைத்துக்கொள்ளும். அந்தக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத் தட்டுங்கள்.

அப்புறம் முன்தேவைகள். இங்கிலீஷ் 1ஏ முடித்திருக்க வேண்டும் என்று எத்தனை பாடங்களில் எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், வரலாறு, தத்துவம், நர்சிங் என்று எங்கெங்கோ இருக்கும். ஒவ்வொன்றிலும் "சி1000 அல்லது 1ஏ" என்று மாற்ற வேண்டும். அல்லது என்பதை விட்டுவிட்டால் போன வருடம் முடித்தவர் உள்ளே நுழைய முடியாது.

நிறையப் பேர் மறப்பது திரும்ப எழுதுகிறவர்களை. இங்கே ஒரு பாடத்தில் தோற்றவர் அதைக் குறிப்பிட்ட தடவைகள்தான் எடுக்கலாம். பழைய 1ஏயில் இரண்டு தடவை எஃப் வாங்கியவர் புது சி1000இல் சேர்ந்தால், இரண்டும் ஒன்று என்று கணினிக்குச் சொல்லியிருக்காவிட்டால், அது அவரைப் புது மாணவராக வரவேற்கும். அவருக்கு இதில் லாபம் போலத் தோன்றும். ஆனால் பழைய எஃப் சராசரியிலிருந்து நீங்காது, ஏனென்றால் புதுக் கிரேடு எதை மாற்ற வந்தது என்று கணினிக்குத் தெரியாது. பாஸ் செய்தவர் அதே பாடத்தைப் புது எண்ணில் தெரியாமல் மறுபடி எடுப்பதும் நடக்கும், அதற்குக் கல்வி உதவித்தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரலாம். எண்ணை வெளியிடுவதற்கு முந்தின வாரம் இப்படி நாலைந்து பொய் மாணவர்களை உருவாக்கி, சோதனைத் தளத்தில் ஓட்டிப் பாருங்கள்: தோற்றவர், பாஸானவர், பாதியில் விட்டவர், வெளிக் காலேஜிலிருந்து வந்தவர்.

பழைய எண்ணை இன்னொரு பாடத்துக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காலியாகத்தானே இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் பழைய சான்றோடு வருவார், அன்றைக்கு 1ஏ என்பது வேறு எதுவாகவும் இருக்கக் கூடாது.

பாட விவரப் புத்தகத்தில் புது எண்ணுக்குக் கீழே "முன்பு இங்கிலீஷ் 1ஏ" என்று குறைந்தது நாலைந்து வருடமாவது அச்சடியுங்கள். நாங்கள் அதைப் புத்தகத்தில் போட்டோம், பதிவு செய்கிற திரையில் போட மறந்துவிட்டோம். முதல் வாரம் முழுக்க ஒரே கேள்விதான் போனில் வந்தது: "1ஏ எங்கே, தூக்கிட்டீங்களா?" மூன்றாம் நாள் கவுன்ட்டரில் இருக்கிற பெண் ஏ4 தாளில் மார்க்கரால் "1ஏ = சி1000" என்று பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். இன்னும் எடுக்கவில்லை.